கீசர், ஏசி பொருத்தும்போது வீட்டில் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி எப்போது கட்டாயம்?

புதுதில்லி: குளியலறையில் 2,000 வாட் கீசர் பொருத்துவது பலருக்குப் பொருள் வாங்கும் விஷயமாகவே தோன்றுகிறது. மின் பாதுகாப்பு விதிகளோ அதை வீட்டின் மின் அமைப்பை மாற்றும் பணியாகக் கருதுகின்றன. விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி மட்டும் இருந்த சிறிய வீடு, அந்த ஒரு கருவியாலேயே வேறொரு விதி வரம்புக்குள் வந்துவிடக்கூடும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள், சில விலக்குகளுக்கு உட்பட்டு, மின் இணைப்புகளில் கசிவைக் கண்டறிந்து உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும் என்கின்றன. 250 வோல்ட்டுக்கு மிகாத, 2 கிலோவாட்டுக்குக் குறைவான இணைப்புகள் அந்த விலக்குகளில் அடங்கும். வீடுகளில் இக்கருவி 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத கசிவிலேயே செயல்பட வேண்டும்; பிற இடங்களுக்கு வரம்பு 100 மில்லி ஆம்பியர். சந்தையில் இது ஆர்சிசிபி என விற்கப்படுகிறது. பலர் இன்றும் இஎல்சிபி என்ற பழைய பெயரையே பயன்படுத்துகின்றனர்.

எது மாற்றப் பணி என்பதற்கும் விதிகளில் விடை உண்டு. பழுதான விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, மின் அமைப்பின் திறனோ தன்மையோ மாறாத வகையில் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. புதிய இணைப்பு இழுப்பது, ஏசிக்குத் தனி வயரிங் அமைப்பது போன்ற கூடுதல் பணிகளை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். நடைமுறையில் அதிகம் மீறப்படும் விதி இதுவாகத்தான் இருக்கும்.

எம்சிபி இருக்கிறதே, அது போதாதா என்ற கேள்வி இயல்பானது. போதாது. எம்சிபி வயரைக் காப்பதற்கானது. 16 ஆம்பியர் எம்சிபி, அந்த அளவைத் தாண்டினால்தான் துண்டிக்கும். மனித உடலில் அதில் ஐந்நூறில் ஒரு பங்கான 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே ஆபத்து தொடங்குகிறது. அதற்கு மேல் இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும். எம்சிபிக்கு அது ஒரு சிறு விளக்கு எரிவதைப் போன்றதே. ஆர்சிசிபியோ ஃபேஸ் வழியே சென்ற மின்சாரமும் நியூட்ரல் வழியே திரும்பியதும் சமமா எனத் தொடர்ந்து ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர விதி.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகளில், மின்சாரம் தாக்கி இறந்தோர் எண்ணிக்கை ஆண்டுக்கு 10 ஆயிரத்தைத் தாண்டியே பதிவாகியுள்ளது. இவை அனைத்தும் வீடுகளில் நேர்ந்தவை அல்ல.

பழைய வீடுகளில் சிக்கல் வேறு வகையில் வருகிறது. இரண்டு அறைகளின் நியூட்ரல் வயர்கள் எங்கோ ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தால், புதிய ஆர்சிசிபி பொருத்தியதுமே அடிக்கடி துண்டிக்கும். இன்வெர்ட்டரின் நியூட்ரல் தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தாலும் இதுவே நிகழும். கருவியில் கோளாறு எனக் கூறி அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிடுவது பரவலான பழக்கம். உண்மையில் கருவி அங்கே வயரிங் பிழையையே காட்டிக்கொடுக்கிறது. மேலும், மின்தடையின்போது இன்வெர்ட்டர் வழி வரும் மின்சாரம், மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபியைக் கடந்து வராமல் போகலாம். அந்தச் சுற்றுக்குத் தனிக் கருவி தேவைப்படும்.

எர்த் இணைப்பு இல்லாத வீட்டிலும் ஆர்சிசிபி வேலை செய்யும். ஆனால் யாரேனும் தொட்டு, அவர் உடல் வழியே மின்சாரம் பாய்ந்த பின்னரே துண்டிக்கும். எர்த் சரியாக இருந்தால், கீசரின் உள்ளே கசிவு ஏற்பட்டவுடன், எவரும் குழாயைத் தொடும் முன்னரே துண்டித்துவிடும்.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டவரை இக்கருவி காப்பாற்றாது. அதிக மின்சுமையையும் இது தடுக்காது. அதற்கு எம்சிபி உடன் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பணிகளையும் செய்யும் ஆர்சிபிஓ வேண்டும்.

வாங்கும்போது கருவியின் முகப்பில் 0.03 ஆம்பியர் என அச்சிடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். 0.1 அல்லது 0.3 என்றிருப்பவை உயிர்க் காப்புக்கானவை அல்ல. அனைத்திலும் 'டி' எழுத்துடன் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மின்சாரம் உள்ளபோது அதை அழுத்தியும் கருவி துண்டிக்கவில்லை எனில், அதை மாற்ற வேண்டும்.