முப்பது வருடங்களின் பின்னும் வேகம் குறையாத இசை: பேட் பிரெய்ன்ஸ் குழுவின் ‘பில்ட் எ நேஷன்’

2007 ஜூன் மாத இறுதியில் அமெரிக்காவில் ‘பில்ட் எ நேஷன்’ என்ற அல்பம் வெளிவந்தது. மொத்தம் 14 பாடல்கள். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க நாற்பது நிமிடங்கள்கூட ஆகாது. இசைத்த நால்வரும் ஐம்பது வயதை அண்மித்தவர்கள். ஹார்ட்கோர் பங்க் என்ற இசைவகைக்கு வழிதிறந்தவர்கள் என்று உலகம் ஏற்றுக்கொண்ட ‘பேட் பிரெய்ன்ஸ்’ குழுவினர் அவர்கள்.

ஆனால் இந்தக் குழுவைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலானோர் 1982ஆம் ஆண்டின் ஒலிநாடாவையும் 1986ஆம் ஆண்டின் ‘ஐ அகெய்ன்ஸ்ட் ஐ’ அல்பத்தையும் கொண்டாடிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் அல்பம் ‘பழையவர்கள் மீண்டும் கூடினார்கள்’ என்ற ஒற்றை வரியோடு கடந்துபோகிறது. அது அந்த அல்பத்துக்கு நியாயம் செய்யாது என்பதே என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்கு முன்னர், இவர்கள் யார் என்று பார்ப்போம்.

நால்வர்

ஹார்ட்கோர் என்பது பங்க் ரொக் இசையின் மிக வேகமான, மிகச் சுருக்கமான வடிவம். ஒரு கிற்றார், ஒரு பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், உரத்த குரல், அவ்வளவுதான். ஒரு பாடல் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் இதை இசைத்தவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் வெள்ளையின இளைஞர்கள். ஆனால் அதன் முன்னோடிகளில் முதன்மையான இந்த நால்வரும் வொஷிங்டன் டி.சி.யைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். பாடகர் எச்.ஆர். எனப்படும் போல் ஹட்சன், அவரது தம்பியும் ட்ரம்ஸ் கலைஞருமான ஏர்ள் ஹட்சன், கிற்றார் கலைஞர் டொக்டர் நோ எனப்படும் கெரி மில்லர், பேஸ் கலைஞர் டரில் ஜெனிபர்.

1970களின் நடுப்பகுதியில் இவர்கள் ‘மைன்ட் பவர்’ என்ற பெயரில் ஜாஸ் ஃபியூஷன் இசைத்துக்கொண்டிருந்தார்கள். ஜோன் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஒர்கெஸ்ட்ரா போன்ற குழுக்களே அன்று இவர்களுக்கு ஆதர்சம். இதே மெக்லாஃப்லின்தான் பின்னர் ‘சக்தி’ குழுவில் வயலின் கலைஞர் எல். சங்கருடன் இணைந்தவர். சங்கரின் தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர் என்பது நம்மில் பலர் அறிந்ததே.

கடினமான தாளங்களில் பெற்ற அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. பங்க் இசைக்கு மாறியபோது, மற்றவர்களால் தொடமுடியாத வேகத்தில், பிசகாமல் வாசிக்க இவர்களால் முடிந்தது. ரமோன்ஸ் குழுவின் பாடல் ஒன்றிலிருந்து புதிய பெயரை எடுத்துக்கொண்டார்கள். விரைவிலேயே வொஷிங்டனின் இசையரங்குகள் இவர்களுக்குக் கதவை மூடின. அதையே ஒரு பாடலாக்கிவிட்டு நியூயோர்க்குக்குப் பெயர்ந்தார்கள். 1982இல் முதல் அல்பம் கசட்டாக மட்டும் வெளிவந்தது. ரஸ்தபாரி நம்பிக்கையைத் தழுவியிருந்ததால், அதிவேகப் பாடல்களுக்கு நடுவே நிதானமான ரெகே பாடல்களையும் வைத்தார்கள். அடுத்தடுத்த பாடல்களில் புயலும் அமைதியும் மாறிமாறி வரும் அந்த வரிசை இவர்களின் அடையாளமாயிற்று.

உடைவுகள்

பின்னர் நடந்தது நீண்ட சிதைவு. எச்.ஆர். ரெகே பாடுவதற்காகப் பலமுறை குழுவைவிட்டு விலகினார். 1993இல் வெளிவந்த ‘ரைஸ்’ அல்பத்தில் அவர் இல்லை, ஏர்ளும் இல்லை. 1995இல் மடோனாவின் ‘மேவரிக்’ நிறுவனத்துக்காக நால்வரும் மீண்டும் சேர்ந்து ‘கோட் ஒஃப் லவ்’ அல்பத்தை வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்த சுற்றுப்பயணம் எச்.ஆரின் வன்முறைச் செயல்களால் சிதறிப்போனது. சில காலம் ‘சோல் பிரெய்ன்ஸ்’ என்ற வேறு பெயரில் மேடையேறினார்கள். எச்.ஆர். நீண்டகாலமாக மனநோயுடன் போராடியவர் என்பதை ‘ஃபைன்டிங் ஜோசப் ஐ’ ஆவணப்படம் பின்னாளில் வெளிப்படையாகக் காட்டியது.

இவர்களைக் களங்கமற்றவர்களாகக் காட்டவும் நான் விரும்பவில்லை. 1989ஆம் ஆண்டின் ‘குயிக்னெஸ்’ அல்பத்தில் ஒருபாலீர்ப்பினரை இழிவுபடுத்தும் பாடல் ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் குரலாக எழுந்தவர்கள் இன்னொரு தரப்பை ஒடுக்கப் பேசியதை மறைத்துவிட்டு இந்தக் குழுவின் வரலாற்றை எழுத முடியாது.

ஒரு இரசிகர் திரும்பச் செய்தது

2007ஆம் ஆண்டின் அல்பத்தைத் தயாரித்தவர் அடம் யாவ்க். உலகப் புகழ்பெற்ற ஹிப் ஹொப் குழுவான பீஸ்டி போய்ஸின் மூவரில் ஒருவர். பீஸ்டி போய்ஸ் 1981இல் தொடங்கியபோது அதுவும் ஒரு ஹார்ட்கோர் குழுதான். யாவ்க் அதில் பேஸ் வாசித்தார். நியூயோர்க்கில் பேட் பிரெய்ன்ஸின் இசை நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. கால் நூற்றாண்டு கடந்து, செல்வமும் புகழும் சேர்ந்த பின்னர், தன்னை உருவாக்கியவர்களை அழைத்து ஒலிப்பதிவுக்கூடத்தில் அமர்த்தினார். அவர்களைப் புதுப்பாணிக்கு மாற்ற முயலவில்லை. கிற்றாரைக் கனமாகவும் ட்ரம்ஸைக் கூர்மையாகவும் பதிவுசெய்து, அவர்கள் எப்படி வாசிப்பார்களோ அப்படியே வாசிக்க விட்டார். நன்றிக்கடன் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இசையுலகில் அதிகம் இல்லை.

விளைவு வியப்பானது. ‘யுனிவர்சல் பீஸ்’ போன்ற பாடல்களில் டொக்டர் நோவின் கிற்றார் இருபது வயது இளைஞனின் கையில் இருப்பதுபோல் பாய்கிறது. ஏர்ளின் தாளம் ஓரிடத்திலும் தளரவில்லை. ‘சென்ட் யு நோ ஃபிளவர்ஸ்’ பாடல் இவர்கள் 1979இல் பதிவுசெய்தது. அதே நால்வர் அதையே 28 வருடங்களின் பின் மீண்டும் வாசிக்கிறார்கள். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், நடுவில் போன காலம் முழுவதும் காதில் விழும்.

அந்தக் குரல்

விமர்சகர்கள் பலர் குறைசொன்னது எச்.ஆரின் குரலைத்தான். 1982இல் அவர் கத்தினார், கீச்சிட்டார், மேடையில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். 2007இல் அதே வேகமான இசையின்மேல், எதிரொலி சூழ, தூரத்திலிருந்து ஓதுவதுபோல் மெதுவாகப் பாடுகிறார். மேடையிலும் அசையாமல் புன்னகையுடன் நின்றார். ‘பழைய எச்.ஆர். எங்கே?’ என்று கேட்டார்கள்.

என் காதுக்கு அந்தக் குரலே இந்த அல்பத்தின் உயிர். மூவர் இன்னமும் புயலாக இசைக்கிறார்கள். நால்வரில் ஒருவர் மட்டும் புயலைக் கடந்து வேறெங்கோ போய்விட்டார். அவரைத் திரும்ப இழுத்துவர மற்ற மூவரும் முயலவில்லை. அவருக்கு இடம் விட்டு வாசிக்கிறார்கள். பேரழிவு ஒன்றிலிருந்து மீண்டவரிடம் ‘முன்புபோல் இரு’ என்று கேட்பது எளிது. அவர் இப்போது இருக்கும்படியே அவரோடு சேர்ந்து வேலை செய்வதுதான் கடினம். இதை நம்மவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

‘பில்ட் எ நேஷன்’, அதாவது ‘தேசத்தைக் கட்டியெழுப்பு’ என்ற தலைப்பும் நமது காதில் வேறுவிதமாக ஒலிக்கக்கூடும். இங்கே அது எல்லைகளையும் கொடியையும் குறிக்கவில்லை. ரஸ்தபாரிகளுக்கு அடிமை வணிகமும் ஒடுக்குமுறையும் நிறைந்த உலகம் ‘பாபிலோன்’. அதற்கு வெளியே, நம்பிக்கையால் இணைந்த மனிதர்களின் சமூகமே தேசம். நன்றிகூறும் தலைப்போடு தொடங்கும் அல்பம், சமாதானம் உண்டாகட்டும் என்ற தலைப்போடு முடிகிறது.

பின்னர்

யாவ்க் 2012 மே 4ஆம் திகதி புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டில் வெளியான ‘இன்டு த ஃபியூச்சர்’ அல்பத்தில் பேட் பிரெய்ன்ஸ் அவருக்காக ஒரு டப் இசையைச் சேர்த்தது. 2015இல் டொக்டர் நோவுக்கு மாரடைப்பு ஏற்பட்டு, உயிர் தப்பினார். கடும் தலைவலி நோயால் அவதிப்பட்ட எச்.ஆருக்கு 2017இல் மூளையில் சத்திரசிகிச்சை நடந்தது.

புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் முதலில் 1982ஆம் ஆண்டின் அல்பத்தைக் கேளுங்கள். பின்னர் நேராக 2007க்கு வாருங்கள். முதலாவதில் கதவை உடைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதில், பலமுறை உடைந்த ஒரு வீட்டுக்குள் மறுபடியும் ஒன்றாகக் குடியேற முயலும் நான்கு மனிதர்கள் இருக்கிறார்கள். முதலாவதற்கு இளமையின் வேகம் போதுமாக இருந்தது. இரண்டாவதற்கு அதே வேகத்தோடு பொறுமையும் தேவைப்பட்டது.