மூச்சுக்குழலில் திசு எடுத்த வரலாறு

நுரையீரலுக்குள் காற்றுச் செல்லும் வழி ஒன்றே. தொண்டைக்குக் கீழே தொடங்கும் மூச்சுக்குழல் மார்பினுள் இரண்டாகப் பிரிந்து, பின்னர் பலவாகக் கிளைத்து, தலைகீழாக நட்ட மரம்போல் விரிகின்றது. அம்மரத்தின் அடிக் கிளைகளில் கட்டியொன்று தோன்றினால், எக்ஸ்ரே படம் ஒரு நிழலை மட்டுமே காட்டும். அது காசநோயின் நிழலா, ஆறிப்போன நிமோனியாவின் தழும்பா, புற்றுநோயா என்று நிழல் சொல்லாது. காசநோய் மலிந்த நம் நாட்டில் இவ்வையம் கல்விக்கூடத்து ஐயமன்று. நிழலைக் கண்டதுமே காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் அதற்குரிய மருந்தை உண்டு, அதற்குள் புற்றுநோய் முற்றிவிட்டவர்கள் பலர். முடிவாகச் சொல்லக்கூடியது, கட்டியிலிருந்து எடுத்து நுண்பெருக்கியின் கீழ் வைக்கும் ஒரு சிறு துணுக்கே.

இச்சோதனைக்குப் 'பயாப்ஸி' என்னும் பெயரை 1879-இல் வழங்கியவர் பெஸ்னியே என்னும் பிரெஞ்சுத் தோல்நோய் மருத்துவர். கிரேக்கத்தில் 'உயிர்' என்றும் 'காட்சி' என்றும் பொருள்படும் இரு சொற்களை அவர் இணைத்தார். தமிழில் நாம் 'திசுச் சோதனை' என்கிறோம். பொருள் சரியே; எனினும் உயிருள்ளபோதே பார்த்தல் என்ற மூலச் சொல்லின் அழுத்தம் அதில் கிட்டவில்லை. இறந்தவர் உடலை அறுத்தே நோயை உறுதிசெய்து வந்த ஒரு காலத்தில் அவ்வழுத்தம் சிறிதன்று.

தோலில் திசு எடுப்பது எளிது. இருமித் துடிக்கும் மூச்சுக்குழலுக்குள் எவ்வாறு புகுவது? கொக்கெயின் தடவினால் உறுப்பு மரத்துப்போகும் என்பதை 1884-இல் வியன்னாவின் கார்ல் கோல்லர் கண்ணில் செய்து காட்டியபின் கதவு திறந்தது. 1897-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், 63 வயதுக் குடியானவர் ஒருவர் பன்றி எலும்புத் துண்டொன்று மூச்சுவழியில் சிக்கிய நிலையில் வந்தார். குஸ்தாவ் கில்லியன் என்னும் தொண்டை மருத்துவர் விறைப்பான உலோகக் குழாயை வாய்வழியே இறக்கி, வலப்பக்கக் கிளைக்குழலில் கிடந்த எலும்பைக் கண்ணால் கண்டு கிடுக்கியால் எடுத்தார். மூச்சுக்குழல் நோக்கியின் வரலாறு இங்குத் தொடங்குகின்றது. அவர் தேடியது எலும்பை; கட்டியை அல்ல.

அமெரிக்காவில் இக்கலையை வளர்த்த செவாலியர் ஜாக்சனும் முதலில் இதே வழியில் சென்றவர்தாம். குழாயின் நுனியிலேயே சிறு விளக்கைப் பொருத்தியவர் அவர். குழந்தைகள் விழுங்கியும் உள்ளிழுத்தும் அவதியுற்ற ஊக்குகள், பொத்தான்கள், நாணயங்கள் என்று அவர் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆயினும் எலும்பை எடுக்கும் கிடுக்கி கட்டியையும் கிள்ளும். சிகரெட்டுப் பழக்கம் பரவி நுரையீரல் புற்றுநோய் பெருகியபோது, அக்கருவி புதிய வேலையை ஏற்றது.

1933-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. 48 வயது மகப்பேறு மருத்துவர் ஒருவருக்கு இடப்பக்க மூச்சுக் கிளையில் புற்றுநோய் இருப்பதை, குழாய்வழி எடுத்த துணுக்கு உறுதிசெய்தது. அதை நம்பியே எவார்ட்ஸ் கிரகாம் என்னும் அறுவை மருத்துவர் அவருடைய இடது நுரையீரல் முழுவதையும் நீக்கினார். நோயாளி பிழைத்துப் பல்லாண்டு வாழ்ந்தார். கிரகாமோ, சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் எர்ன்ஸ்ட் வின்டருடன் ஆராய்ந்து வெளியிட்டவர். நெடுநாள் புகைத்தவரும் ஆவார். 1957-இல் நுரையீரல் புற்றுநோயாலேயே அவர் மறைந்தார். அவர் கையால் அறுக்கப்பட்ட நோயாளி அவருக்குப் பின்னும் உயிரோடிருந்தார்.

விறைத்த குழாயின் வலிமை அதன் அகலம். பெரிய கிடுக்கி நுழையும். பெரிய துண்டு வரும். இரத்தம் கசிந்தால் உடனே உறிஞ்சலாம். குறை, அது வளையாது என்பது. தடித்த கிளைகளுக்கு அப்பால், குறிப்பாக மேல் மடல்களின் வளைவுகளுக்குள், அதனால் திரும்ப இயலவில்லை.

அக்குறையைத் தீர்த்த வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பங்குண்டு. பஞ்சாபின் மோகாவில் 1926-இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்று ஆசிரியர் சொன்னதை மாணவப் பருவத்திலேயே ஏற்க மனம் ஒப்பவில்லை என்று பின்னாளில் கூறியிருக்கிறார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நார்களின் கற்றை வழியே உருவத்தை வளைத்துச் செலுத்தலாம் என்று 1954-இல் 'நேச்சர்' இதழில் காட்டினார். மூன்றே ஆண்டுகளில் அது இரைப்பை காணும் கருவியாயிற்று. டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிய ஷிகெட்டோ இகெடா, 1966-இல் அதே நார்களைக் கொண்டு வளையும் மூச்சுக்குழல் நோக்கியை உலக அரங்கில் காட்டினார். நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமலே, மூக்கின் வழியாகவும் அதனைச் செலுத்த முடிந்தது. இன்று நார்களின் இடத்தை நுனியில் பொருத்திய சிறு வீடியோக் கருவி பெரும்பாலும் பிடித்துவிட்டது.

ஆனால் எட்டும் தூரம் கூடியபோது கிட்டும் துண்டு சிறுத்தது. வளையும் கருவியின் உள்வழி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே. அதன்வழி செல்லும் கிடுக்கி கடித்து வருவது ஏறக்குறைய ஒரு கடுகளவு. இதன் பிறகு நிகழ்ந்தவை யாவும் இந்தச் சிறுமையை ஈடுசெய்யும் முயற்சிகள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

முயற்சிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. கண்ணுக்குத் தெரியுமாறு குழலினுள் புடைத்து நிற்கும் கட்டிக்குக் கிடுக்கியே முதற் கருவி. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் 2013-ஆம் ஆண்டு நெறிமுறைகள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கூறும் கணக்கின்படி, இத்தகைய கட்டிகளில் கிடுக்கி நூற்றுக்கு 74 பேரிடம் நோயைக் கண்டுபிடிக்கும்; தூரிகையால் சுரண்டி எடுத்தல் 61 பேரிடம்; உப்புநீர் விட்டுக் கழுவி உறிஞ்சுதல் 47 பேரிடம். எல்லா முறைகளையும் ஒருங்கே கையாண்டால் 88 வரை உயரும். கிடுக்கி தவறவிட்ட உயிரணு தூரிகையில் ஒட்டியிருக்கலாம். ஒருமுறை கிள்ளிவிட்டுக் கருவியை வெளியே எடுத்துவிடாமல், பல இடங்களில் கிள்ளுவதன் காரணமும் இதுவே.

கட்டியின் இயல்பையொட்டியும் கருவி மாறவேண்டும். சிலவற்றின் மேற்பரப்பு அழுகிச் செத்திருக்கும். கிடுக்கிக்கு அங்கே கிட்டுவது பிணத்திசு. சிறு உயிரணுப் புற்று என்னும் கொடிய வகையின் அணுக்கள் கிடுக்கியின் பற்களுக்கிடையே நசுங்கி உருக்குலையும். வேறு சில கட்டிகள் குழலின் மெல்லிய உட்தோலுக்கு அடியில் மறைந்து கிடக்கும். மேலே உரசும் தூரிகைக்கு அவை அகப்படா. அங்கெல்லாம் ஊசி உதவும். அர்ஜென்டினாவின் ஸ்கியெப்பாட்டி 1949-இலேயே மூச்சுக்குழல் இரண்டாகும் முனையினூடே ஊசி செலுத்தினார். அம்முயற்சி நெடுநாள் தூங்கிக் கிடந்தது. 1978-ஐ அடுத்த ஆண்டுகளில் பால்டிமோரின் கோ பென் வாங் அதனை எழுப்பி, வளையும் கருவிக்கேற்ற ஊசியாக்கினார். குழலுக்கு வெளியே உள்ள நிணநீர்க் கணுக்களையும் ஊசி தொட்டதால், நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதும் மார்பைத் திறவாமலே தெரியலாயிற்று. இந்நூற்றாண்டில் கருவியின் நுனியில் அல்ட்ராசவுண்ட் சேர்ந்தபின், குருட்டு ஊசி கண்பெற்றது.

துண்டின் அளவு என்ற பழைய குறைக்கு விடை குளிரிலிருந்து வந்தது. கடுங்குளிரூட்டிய ஒரு கம்பியின் நுனியைக் கட்டியில் வைத்தால் சில விநாடிகளில் திசு அதனோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே இழுத்தால் நசுங்காத, பெரிய துண்டு வரும். ஜெர்மனியின் ஹெட்ஸெல் குழுவினர் 593 நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இம்முறை நூற்றுக்கு 95 பேரிடமும், கிடுக்கி 85 பேரிடமும் நோயை உறுதிசெய்தன. துண்டு பெரிதாதலின் இரத்தக் கசிவை எதிர்பார்த்துப் பயின்ற கை இதற்கு வேண்டும். எல்லா மருத்துவமனைகளிலும் அது கிடைப்பதில்லை.

இவ்வளவு இருந்தும், 'கத்தி பட்டால் கட்டி பரவும்' என்று திசு எடுக்க மறுப்போர் நம் குடும்பங்களில் இன்றும் உளர். அறுத்துப் பார்த்த சிலர் விரைவில் மாண்டதைக் கண்ட ஊர் அவ்வாறு முடிவு கட்டியது. பெரும்பாலும் அவர்கள் நோய் முற்றிய பின்னரே கத்தியிடம் வந்தவர்கள். குழல்வழித் திசு எடுத்ததனால் நோய் பரவுதல் மிக மிக அரிது.

மேலும், துணுக்கின் வேலை முன்போல் நோய்க்குப் பெயர் சூட்டுவதோடு முடிவதில்லை. சில நுரையீரல் புற்றுகளில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உண்டென்றும், அதையுடையோருக்கே சில மாத்திரைகள் நன்கு பயனளிக்கும் என்றும் 2004-இல் தெரியவந்தது. ஆகவே அத்துணுக்கைச் சீவிச் சீவிப் பல சோதனைகளுக்குப் பங்கிடவேண்டியுள்ளது. முதலிரண்டு சோதனைகளிலேயே அது தீர்ந்துபோனால், நோயாளி மீண்டும் அதே மேசையில் படுக்க நேரும்.