வூ யி

வூ யி (பிறப்பு: நவம்பர் 1938, வூஹான்) சீனாவின் வெளிநாட்டு வணிக அமைச்சராகவும் (1993–1998) துணைப் பிரதமராகவும் (2003–2008) இருந்தவர். வணிகத் தகராறுகளை மேசையில் உட்கார்ந்து தீர்க்கும் பொறுப்பு ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஏதோ ஒரு வடிவில் இவரிடம் இருந்தது. மேற்கத்திய இதழ்கள் இவரை ‘இரும்புப் பெண்மணி’ என்று எழுதின. அதிகாரத்துக்கு வரும் எந்தப் பெண்ணுக்கும் ஒட்டப்படும் அந்தப் பட்டம் இவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இவர் வெளியுறவுப் பள்ளியில் உருவானவர் அல்லர். பெய்ஜிங் பெட்ரோலியக் கல்லூரியில் படித்து 1962இல் வெளிவந்தவர், லான்சோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் பெய்ஜிங்கில், யான்ஷான் பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தின் துணை மேலாளர் வரை உயர்ந்தார். 1988இல் பெய்ஜிங் துணை மேயர். 1991இல் வெளிநாட்டு வணிகத் துறையின் துணை அமைச்சர். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

வந்த கையோடு அறிவுசார் சொத்துரிமைத் தகராறு காத்திருந்தது. அமெரிக்க மென்பொருளும் மருந்துகளும் சீனாவில் அனுமதியின்றி நகலெடுக்கப்படுகின்றன என்று வாஷிங்டன் குற்றம்சாட்டி, தண்டனை வரி விதிப்பதாக மிரட்டியது. அமெரிக்கத் தரப்பில் ஒருவர் ‘திருடர்களோடு பேசுகிறோம்’ என்ற பொருளில் சொல்ல, நாங்கள் கொள்ளையரோடு பேசுகிறோம், உங்கள் அருங்காட்சியகங்களில் சீனாவிலிருந்து போன பொருள்கள் எத்தனை என்று பாருங்கள் என இவர் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். சீனாவில் இவர் பெயர் பரவியது இந்தப் பதிலால்தான். ஆனால் 1992 ஜனவரியில் அமெரிக்க வணிகப் பிரதிநிதி கார்லா ஹில்ஸுடன் இவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையைப் படித்தால் விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் சீனாதான். பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் சேரவும், மருந்துகளுக்குக் காப்புரிமை தரும்படி சட்டத்தைத் திருத்தவும் அது ஒப்புக்கொண்டது. வாய்ச்சொல்லில் விறைப்பும் தாளில் நெகிழ்வும் காட்டியது இவரது கெட்டிக்காரத்தனம்.

சட்டம் வந்தும் நகலெடுப்பது நிற்கவில்லை. 1995 பிப்ரவரியில் 108 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருள்களுக்கு 100 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது. பெய்ஜிங்கும் பதில் வரிப் பட்டியலை நீட்டியது. கெடு முடியும் தறுவாயில் உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டு அதே சண்டை திரும்பவும் மூண்டு, குறுந்தகடு ஆலைகள் 15 மூடப்பட்ட பிறகே ஓய்ந்தது.

1998இல் அமைச்சருக்கு மேல்நிலைப் பதவியான அரசவை உறுப்பினரானார். உலக வணிக அமைப்பில் சீனா சேர்வதற்காக அமெரிக்காவுடன் செய்ய வேண்டிய உடன்பாடு 1999 நவம்பரில் இழுபறியானபோது, பிரதமர் சூ ரோங்ஜியுடன் இவரும் பேச்சில் இறங்கினார். 2002இல் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவின் முழு உறுப்பினரானார்; அதில் வேறு பெண் இல்லை.

2003 ஏப்ரலில் சார்ஸ் நோயை மறைத்ததற்காகச் சுகாதார அமைச்சர் பதவியிழந்தார். துணைப் பிரதமராக இருந்த வூ யியே அந்தத் துறையையும் ஏற்றார். அந்த டிசம்பரில், ஹெனான் மாகாணத்தில் ரத்த விற்பனை வழியே எய்ட்ஸ் பரவியதை வெளிக்கொணர்ந்த மருத்துவர் காவ் யாவ்ஜியை, உள்ளூர் அதிகாரிகளை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகச் சந்தித்தார். அந்த அதிகாரிகள்தான் காவுக்குத் தொல்லை கொடுத்துவந்தவர்கள்.

2005 மே மாதம் ஜப்பானில் இருந்தபோது பிரதமர் கொய்சுமியுடனான சந்திப்பை அன்றே ரத்துசெய்துவிட்டு ஊர் திரும்பினார். உள்நாட்டு வேலை என்பது முதலில் சொன்ன காரணம். போர்க் குற்றவாளிகளும் போற்றப்படும் யாசுகுனி ஆலயம் பற்றிய ஜப்பானியத் தலைவர்களின் பேச்சே காரணம் என்பதைச் சீன வெளியுறவுத் துறை பிறகு உணர்த்தியது. 2006 முதல் அமெரிக்க நிதியமைச்சர் ஹென்றி பால்சனுடன் நடந்த பொருளாதாரப் பேச்சுகளில் சீனத் தரப்புக்கு இவரே தலைவர். சீன நாணயத்தின் மதிப்பு பற்றிய அமெரிக்க நாடாளுமன்றத்தின் கோபத்தை 2007இல் வாஷிங்டனுக்கே போய் எதிர்கொண்டார்.

2008 மார்ச்சில் ஓய்வுபெற்றார். ஓய்வுபெறும் சீனத் தலைவர்கள் ஏதாவது ஒரு சங்கத்தின் கௌரவத் தலைவராவது வழக்கம். தான் எந்தப் பதவியையும் ஏற்கப்போவதில்லை, தன்னை மறந்துவிடுங்கள் என்று 2007 டிசம்பரிலேயே தொழில் அமைப்புகளின் கூட்டமொன்றில் அறிவித்திருந்த வூ யி, அப்படியே விலகிக்கொண்டார்.