எமிலியின் கட்டிலருகே

எம் வீட்டிற்குப் புதிதாய் வந்த பூனைக்குட்டி பீரோவின் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அதன் முகத்தை வரைந்து பழகுகிறோம். காதை முடிப்பதற்குள் உள்ளே போய்விடுகிறது! இப்போராட்டத்தில்தான் ஆங்கில ஓவியர் லூயி வெய்ன் (1860-1939) நினைவுக்கு வந்தார்.

1884இல் எமிலியை மணந்தார் வெய்ன். விரைவிலேயே எமிலி மார்பகப் புற்றுநோயால் படுக்கையில் வீழ்ந்தார். தெருவிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைக் குட்டி பீட்டரே அவருக்குத் துணை. மனைவியை மகிழ்விக்கவே வெய்ன் பீட்டரைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கலைப்பள்ளியில் பயின்று, அங்கேயே கற்பித்தவர், பூனை முகத்தை ஒரு நோயாளியின் கட்டிலருகேதான் கற்றார். அவற்றை வெளியிடத் தூண்டியவரும் எமிலியே. 1886 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் சுமார் 150 பூனைகள் விருந்து கொண்டாடின. 1887 தொடக்கத்தில் எமிலி மறைந்தார்.

1924இல் வெய்ன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் வால்டர் மக்லே என்னும் மருத்துவர், கடையொன்றில் கிடைத்த அவருடைய எட்டுப் பூனை ஓவியங்களை, இயல்பான முகத்தில் தொடங்கிச் சிதறிய கோலத்தில் முடியுமாறு அடுக்கினார். நோய் முற்றும் படிகள் இவையெனப் பாடநூல்களும் ஏற்றன. அவ்வோவியங்களிலோ தேதியே இல்லை! மருத்துவமனையில் இருந்தபோதும் வெய்ன் இயல்பான பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். அவருடைய தாயார் தேவாலயப் பூத்தையலுக்கு வடிவங்கள் வரைந்தவர். அக்கோலங்களில் நமக்குத் தெரிவது அந்தக் கைதான்.