தேநீர் நன்றோ, தீதோ?

தமிழகத்தை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் பொழுது இன்னமும் காப்பி மணத்தோடுதான் புலர்கின்றது. ஆயினும் வாயிலைக் கடந்துவிட்டால் நம்மை ஆட்கொள்வது தேநீரே. அலுவலகத்தில் முற்பகல் ஒரு கோப்பை, பிற்பகல் ஒரு கோப்பை, யாரையேனும் காணச் சென்றால் உபசாரமாக மற்றொரு கோப்பை என்று நாள் கழிகின்றது. இப்பானம் உடலுக்கு நன்றோ, தீதோ என்று வினவினால் ஒருவர் அமுதம் என்பார். மற்றொருவர் நஞ்சு என்பார். இவ்விரு கூற்றுகளும் புதியன அல்ல. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நம் நாட்டில் நடந்துவரும் ஒரு பெரு வழக்கின் எதிரொலிகளே அவை. அவ்வழக்கைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தேநீர் இந்தியருடைய தொன்மையான பழக்கம் என்று எண்ணுவோர் பலர். அசாமின் சிங்போ மக்கள் தேயிலையை முன்னரே அறிந்திருந்தனர் என்பது உண்மை. 1823-இல் இராபர்ட் புரூஸ் என்னும் ஸ்காட்லாந்தியர் அங்குத் தேயிலைச் செடியைக் கண்டார். 1839-இல் அசாம் கம்பெனி தோன்றியது. ஆயினும் தோட்டங்களில் விளைந்த இலை கப்பலேறி இலண்டனுக்குச் சென்றதேயன்றி, நம் நாட்டு மக்களின் அடுப்பங்கரையை அடையவில்லை. அவர்கள் மோரும் கஞ்சியும் பாலுமே பருகி வந்தனர்.

1903-இல் தேயிலை ஏற்றுமதியின்மீது ஒரு சிறு தீர்வை விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலைக்குப் புதிய சந்தைகளைத் தேடுவதே அப்பணத்தின் நோக்கம். 1929-க்குப் பின் உலகெங்கும் வாணிபம் மந்தமடைந்தது. 1933-இல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று ஏற்றுமதிக்கும் வரம்பு கட்டியது. விலைபோகாத தேயிலைக்கு உள்நாட்டிலேயே வாய்களைத் தேட வேண்டியதாயிற்று. தொழிற்சாலைகளிலும் சந்தைகளிலும் தேநீர் இலவசமாக வழங்கப்பட்டது. இரயில் நிலையங்களில், தேநீர் தயாரிக்கும் முறையை அந்தந்த வட்டாரத்து மொழியில் விளக்கும் பலகைகள் தொங்கவிடப்பட்டன. களைப்பைப் போக்கும், ஊக்கம் தரும், மலிவானது என்று அவை புகழ்ந்தன. 1947-இல் வெளிவந்த விளம்பரப் படம் ஒன்று, இராட்டையும் தேநீருமாக ஒரு பெண்ணின் உருவத்தைத் தீட்டி, தேயிலை முற்றிலும் சுதேசி என்று பறைசாற்றியது.

இராட்டையை நாட்டுக்கு அளித்தவரோ தேநீரை ஏற்றாரில்லை. 1942-இல் பூனாவின் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது காந்தியடிகள் உடல்நலம் பற்றி ஒரு நூல் எழுதினார். தேயிலையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலைப் பதனிட உதவுவது. அது வயிற்றினுள் சென்றால் செரிமானத்தைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து. தேநீரால் நன்மை உண்டெனில் அது பாலாலும் சர்க்கரையாலும் விளைவதே என்றும் அவர் கருதினார். வங்கத்தின் பெரும் இரசாயன அறிஞர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயும் தேநீர்ப் பழக்கத்தைக் கடுமையாகச் சாடினார்.

ஒரு புறம் விற்பவர், மறு புறம் சீர்திருத்தக்காரர். இடையில் மக்கள் தேநீரையே தேர்ந்தனர். வழக்கு அத்துடன் முடிந்ததா? இல்லை என்பதை நாம் நமது இல்லத்திலேயே அறிந்தோம். கல்லூரியிற் பயிலும் நம் மகள் சில மாதங்களாகச் சோர்வுற்றிருந்தாள். இரத்தசோகை என்று கண்டறிந்த மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரைகளைத் தந்தார். மூன்று மாதங்கள் கழிந்தும் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. மாத்திரையை எதனோடு உட்கொள்கிறாய் என்று மருத்துவர் கேட்டார். காலைத் தேநீரோடு என்றாள். நாம்தாம் நாடோறும் மாத்திரையையும் கோப்பையையும் ஒருங்கே எடுத்து அவள் கையில் கொடுத்துவந்தோம்!

இரும்பைப் பற்றிக்கொண்டு அது குருதியிற் சேராதவாறு தடுப்பது அந்த டானினே. காந்தியடிகள் கூறிய தோல் பதனிடும் உவமையை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. எனினும் அவர் ஐயுற்ற பொருள் முற்றிலும் குற்றமற்றதன்று. 1918-இல் இராபர்ட் மக்காரிசன் என்பவர் குன்னூரில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நீலகிரியில், ஓர் உணவாராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். அது 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் தேநீரையும் காப்பியையும் தவிர்க்கவேண்டும் என்றும், நாளொன்றுக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்றும் 2024-இல் அந்நிறுவனம் அறிவுறுத்தியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தசோகை உடையவர் என்பதை எண்ணினால், இவ்வறிவுரையின் அருமை விளங்கும்.

காப்பி அன்பர்கள் மகிழவேண்டா. அவர்தம் பானமும் நீதிமன்றம் ஏறி இறங்கியதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1991-இல் காப்பியை ஐயத்துக்குரிய பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது; 2016-இல் அதனை அப்பட்டியலினின்று விடுவித்தது. அப்போதே, 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எப்பானத்தைப் பருகினும் உணவுக்குழாய்க்குக் கேடு நேரலாம் என எச்சரித்தது. குற்றவாளி காப்பியன்று, நாம் ஆற்றாமற் குடிக்கும் அவசரமே! டபராவில் ஆற்றிக் குடித்த நம் முன்னோர் அறியாமலே ஒரு நற்செயல் புரிந்தனர்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. கோப்பைக்கு 2 கரண்டி வீதம் 4 கோப்பை பருகுவோர், கரண்டிக்கு 4 கிராம் எனக் கொண்டாலும், 32 கிராம் சர்க்கரையை உட்கொள்கின்றனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடக்குதல் நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த யோசனை. தேநீரிலேயே கணக்கு மீறிவிடுகின்றது. இனிப்புப் பண்டங்களை எங்கே சேர்ப்பது?

இனி, பிள்ளைகளுக்கென நாம் வாங்கும் மாவுப் பானங்கள். இவற்றின் நெற்றியில் ஆரோக்கிய பானம் என்ற பட்டம் நெடுங்காலம் ஒளிர்ந்தது. மொழிபெயர்ப்பைச் சீவனமாகக் கொண்ட நமக்கு, வரையறையற்ற சொல்லைக் கண்டாலே ஓர் ஐயம் எழும். அவ்வையம் வீணன்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அச்சொல்லுக்கு வரையறையே இல்லை என்று கூறி, இணைய அங்காடிகள் பால், தானிய, மால்ட் பானங்களை அப்பெயரின்கீழ் விற்கலாகாது என 2024 ஏப்ரலில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பணித்தது.

ஆகவே ஒரு பானத்தைப் பற்றி யார் எது சொன்னாலும் நாம் கேட்கவேண்டியவை நான்கு: சொல்பவர் விற்பவரா? கோப்பையில் உண்மையில் உள்ளது என்ன? எவ்வளவு? எப்பொழுது? நூறாண்டு வழக்கில் இரு தரப்பினரும் பெரும்பாலும் மறந்தவை இறுதி இரண்டு வினாக்களே.

இன்று நம் இல்லத்தில் தேநீர் நின்றுவிடவில்லை. உணவை விட்டு ஒரு மணி நேரம் விலகி நிற்கின்றது, அவ்வளவே. மகள் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு உட்கொள்கின்றாள். அச்சாறு இரும்புச் சத்து உடலிற் சேர்வதற்குத் துணைபுரிவது. நண்பகல் உணவோடு மோர் வருகின்றது. அதனை இங்குள்ள அண்டை வீட்டார் சாச் என்பர். பெயர் வேறாயினும் பானம் ஒன்றே. அதன் புகழைப் பாட இரயில் நிலையத்தில் யாரும் பலகை வைத்ததில்லை.