பெயர் மாறினால் கடன் தீருமா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 'அவசரத் தொடர்பு மாவட்டம்' என்றோர் அமைப்பு உண்டு. நாம் அறிந்த மாவட்டம் அன்று அது; 911 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கையாளும் ஒரே பணிக்கெனச் சட்டத்தால் உருவான தனி உள்ளாட்சி நிறுவனம். முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அண்டை மாநிலமான அலபாமாவின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் ஒலித்தது. டென்னசி தன் சட்டத்தை 1984இல் இயற்றியது. தொலைபேசிக் கட்டணத்துடன் சேர்த்து வசூலிக்கப்பட்ட சிறுதொகையே இவ்வமைப்புகளின் முதன்மை வருவாய். கம்பிவழித் தொலைபேசி அருகியபோது அதுவும் சுருங்கியது.

இத்தகைய நிறுவனம் கலைக்கப்பட்டால் அதன் கடன் யாரைச் சேரும்? இக்கேள்வியின் வேர் இவ்விரு மாநிலங்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றில் உள்ளது.

1878இல் மஞ்சள் காய்ச்சல் மெம்ஃபிஸ் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த அந்நகரின் சாசனத்தை 1879இல் டென்னசி சட்டமன்றம் ரத்து செய்தது. அதனிடத்தில் 'ஷெல்பி கவுண்டி வரி மாவட்டம்' தோன்றியது. கடன் கொடுத்தோர் நீதிமன்றம் சென்றனர். வரி விதிப்பது சட்டமன்றத்தின் அதிகாரம், அதனை நீதிமன்றம் தன் கையில் எடுத்துக்கொள்ள இயலாது என்று 1880இல் மெரிவெதர் எதிர் காரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பயன்பாட்டிலுள்ள சொத்துகளையும் கடனுக்காகக் கைப்பற்ற இயலாது என்றது.

அதே 1879இல் அலபாமா, மொபில் நகரைக் கலைத்து 'மொபில் துறைமுகம்' என்ற புதிய அமைப்பை நிறுவியது. இங்கே முடிவு வேறு. பெரும்பாலும் அதே மக்கள், அதே சொத்து, அதே நோக்கம். ஆகவே புதிய அமைப்பு பழையதன் வாரிசே, கடனும் அதனுடையதே என்று 1886இல் அதே நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டத்தை மாநிலங்கள் இயற்றலாகாது என்னும் அரசமைப்பு விதி அதற்கு அடிப்படையாயிற்று.

இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். நிறுவனம் மறைவதால் மட்டும் கடன் மறைவதில்லை. ஆயினும் அதனைச் செலுத்த வாரிசு ஒருவர் வேண்டும். அவசர அழைப்புச் சேவையில் இதன் பொருள் இன்னும் கூர்மையானது. கடன்காரர் காத்திருக்கலாம், நெஞ்சுவலியோடு அழைப்பவர் காத்திருக்க இயலாது. 1998இல் டென்னசி அமைத்த மாநில வாரியம், நிதி நெருக்கடியிலுள்ள மாவட்டங்களைக் கண்காணிக்கும் பொறுப்பையும் ஏற்றது. கலைப்பு ஆணை எழுதுமுன் இரண்டு வாரிசுகளைக் குறிக்கவேண்டும்: அழைப்பை எடுப்பவர் ஒருவர், கடனை ஏற்பவர் ஒருவர். இருவரும் ஒருவராகவே இருப்பின் நலம்.