பிச்சாவரம் தீவுகள்

பிச்சாவரம் தீவுகள் என்பன கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையை அடுத்து, வடக்கே வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழியில், அதாவது கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் கரையோர நீர்ப்பரப்பில், சிதறிக் கிடக்கும் சதுப்புநிலத் திட்டுகளாகும். ஆய்வாளர்கள் இவற்றை 51 எனக் கணக்கிட்டுள்ளனர். சில திட்டுகள் ஒரு சிறிய அறையின் பரப்பே உடையவை, மிகப் பெரியவை இரண்டு சதுர கிலோமீட்டரை எட்டுபவை. ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் கொண்ட இப்பகுதியில் பாதி காடு. ஐந்தில் இரண்டு பங்கு நீர்வழிகள். எஞ்சியது மணலும் சேற்றுத் தரையும். ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் பிச்சாவரம் 2022இல் இடம்பெற்றது.

விடுமுறை நாளொன்றைத் தீவுகளிடையே கழிக்க விரும்பும் நெய்வேலி நகரியத்தாருக்கு மிக அருகில் இருப்பது இத்தீவுக்கூட்டமே. 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக, 1957இல் முதற் சுரங்கம் தொடங்கியதை ஒட்டி, வட்டம் வட்டமாக வகுத்து அமைக்கப்பட்ட அந்நகரியத்தில் இந்தியாவின் பல மாநிலத்தாரும் குடியேறி வாழ்கின்றனர். விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமானுக்கும் கோவாவுக்கும் செல்லும் குடும்பங்கள், வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் வந்து, காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவில் இருக்கும் இத்தீவுகளுக்கும் வருகின்றன. இரண்டு இடங்களுக்கும் நிலவியல் வழியிலும் ஓர் உறவு உண்டு. நெய்வேலியில் வெட்டி எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, தாழ்ந்த சதுப்புகளில் செழித்த பழங்காலத் தாவரங்கள் காற்றுப் புகாமல் புதைந்து அழுத்தமுற்று உருவானது. அது பெரும்பாலும் மயோசீன் எனும் நிலவியற் காலத்துக்கு உரியதாகக் கருதப்படுகிறது. சேற்றில் ஊன்றிய காடு எவ்வாறு வாழ்கிறது என்பதை உயிரோடு காட்டும் இடம், அத்தகைய தாவரங்கள் கரியாகிக் கிடக்கும் சுரங்கத்திலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் அமைந்திருப்பது தமிழகத்தில் வேறெங்கும் எளிதில் வாய்க்காத நற்பேறு.

தீவு விடுமுறை என்றதும் உலகப் பயண நூல்கள் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் மால்ட்டா, கிரீட் போன்ற தீவுகளையே முன்னிறுத்துகின்றன. அவை பாறையும் சுண்ணாம்புக் கல்லும் எழுந்து நிற்கும் நிலங்கள். அங்கே கோட்டைகளையும் பழைய துறைமுகங்களையும் நடந்து காணலாம், தெளிந்த நீரில் நீந்தலாம். அக்கடலின் பெரும்பகுதியில் ஓதம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது, மிகக் குறைவு. குளிர்காலத்தின் குளிரைத் தாங்காமையால் அலையாத்திக் காடுகளும் அங்கே வளர்வதில்லை. பிச்சாவரத்திலோ ஓதமே அனைத்தையும் ஆள்கிறது. ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீர், ஒரே வாய்க்காலைக் காலையில் ஒரு விதமாகவும் நண்பகலில் வேறு விதமாகவும் காட்டும். இத்தீவுகளில் இறங்கி நடக்க உறுதியான தரை அரிது. ஆகவே இவற்றைக் காண்பது என்பது இவற்றுக்கிடையே நீரில் செல்வதே.

அலையாத்தி மரங்கள் எனப்படுபவை உப்புநீரும் காற்றற்ற சேறும் கூடிய இடத்தில் வாழப் பழகிய பல குடும்பத்து மரங்களின் தொகுதியாகும். பிச்சாவரத்தில் நீரோரமாக நிற்பவை பெரும்பாலும் சுரபுன்னைகள்; இவற்றின் தண்டிலிருந்து வில்போல் வளைந்து சேற்றில் இறங்கும் ஊன்று வேர்கள் மரத்தைத் தாங்குவதோடு, உப்பின் பெரும்பகுதியை வடிகட்டி நீரை மட்டும் உள்ளே விடுகின்றன. இவற்றின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைக் காய்போலத் தொங்கி, முற்றியபின் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும் அல்லது மிதந்து சென்று வேறு கரையில் வேரூன்றும். சற்று உள்ளே, உப்பு மிகுந்த தரையில், வெண்கண்டல் வளர்கிறது. சேற்றுக்கு மேலே விரல்விரலாக நிமிர்ந்து நிற்கும் அதன் மூச்சு வேர்கள் நீர் வடிந்த வேளையில் காற்றை உட்கொள்கின்றன. உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுவதால், கோடையில் அவ்விலைகளில் உப்புப் படிந்திருப்பதைக் காணலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்ததும், நடராசர் கோயிலின் தலமரமாகப் போற்றப்படுவதுமான தில்லை மரம் இன்று சிதம்பரம் நகரத்தைவிட இக்காட்டிலேயே மிகுதியாக உள்ளது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்; எனவே படகிலிருந்து கை நீட்டிக் கிளை ஒடிக்கும் பழக்கத்தைச் சிறுவர்களிடம் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். இரண்டு சுரபுன்னை இனங்கள் இயற்கையாகக் கலந்து தோன்றிய கலப்பினம் ஒன்று இங்கே கண்டறியப்பட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைவூட்டும் வகையில் ரைசோபோரா அண்ணாமலையானா எனப் பெயரிடப்பட்டுள்ளது.

படகுப் பயணமே இங்குள்ள முதன்மையான செயல். துடுப்புப் படகு, விசைப்படகு என இருவகைப் படகுகள் உள்ளன. அகன்ற நீர்ப்பரப்பை விரைவில் கடந்து, கடலோடு கழி கூடும் சின்னவாய்க்கால் பக்கத்தையும் மணல்திட்டையும் காண விரும்புவோருக்கு விசைப்படகு ஏற்றது. ஆயினும் காட்டைக் காண வந்தவர் தேர வேண்டியது துடுப்புப் படகையே. இருபுறக் கிளைகளும் மேலே கூடிக் கூரையாகும் குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுவே நுழைய முடியும், அதன் அமைதியில்தான் மீன்கொத்தியும் கொக்கும் இடம் பெயராமல் இருக்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகளும், சேற்றில் தாவித் திரியும் சிறு மீன்களும் நீர் வடிந்த வேளையில் வெளிப்படும். உள்வாய்க்கால்களில் படகு தடையின்றிச் செல்வதற்கோ நீர் ஏறியிருக்க வேண்டும். ஆகவே புறப்படுமுன் அன்றைய நீரேற்ற நேரத்தைப் படகோட்டிகளிடம் கேட்டறிவது, எவ்வளவு நேரத்துக்குப் படகு எடுப்பது என்று ஆராய்வதைக் காட்டிலும் பயன் தரும். மத்தியதரைக் கடல் தீவுகளில் கோடை வறண்டும் குளிர்காலம் மழையோடும் இருப்பதால் அங்கே பயணப் பருவம் கோடையாகும்; சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி முதல் மாசி வரையே வெயில் தணிந்தும், வலசைப் பறவைகள் மிகுந்தும் இருக்கும். எம்.ஜி.ஆர். நடித்து 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தின் காட்சிகள் இங்கே படமாக்கப்பட்டன. அதன்பின் இவ்விடத்தின் பெயர் தமிழகம் முழுவதும் பரவியது.

இயற்கையாகவே இவ்வாறு தழைத்ததாகப் பயணிகள் கருதும் இக்காட்டின் ஒரு பகுதி மனித உழைப்பால் மீட்கப்பட்டதாகும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வனத்துறை காட்டைப் பாத்திகளாகப் பிரித்து முறைவைத்து முற்றாக வெட்டி வந்தது. வெட்டிய இடங்கள் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து தொட்டிபோல் குழிய, ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வடியாமல் தேங்கி ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அலையாத்தியும் தாங்க இயலாத அவ்வுப்பில் காடு மீண்டும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் அருகிலுள்ள ஊர்மக்களோடும் சேர்ந்து, நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவில் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்தது. உப்பு கழுவப்பட்டபின் வாய்க்கால் ஓரங்களில் நட்ட வெண்கண்டல் பிழைத்துக் காடானது. மரம் நடுவதற்கு முன் நீரோட்டத்தைச் சீர் செய்ய வேண்டும் என்னும் இப்பாடம் இந்தியாவின் பிற கடலோரங்களிலும் பின்பற்றப்பட்டது. இதனை அறிந்து செல்பவர், வரிசை தவறாமல் நிற்கும் வெண்கண்டல்களைக் கண்டவுடன் இவ்வேலையின் அடையாளத்தை இனங்காண முடியும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, கடலை நோக்கிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் பேரிழப்புக்கு உள்ளாயின. காட்டுக்குப் பின்னே அமைந்த ஊர்கள் குறைந்த சேதத்துடன் தப்பின. காடே அரணாக நின்றதாகப் பல ஆய்வாளர் எழுதினர். நிலத்தின் உயரத்தையும் கடலிலிருந்து உள்ள தொலைவையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று வேறு சிலர் வாதிட்டனர். அவ்வாதம் எவ்வாறாயினும், இக்கழியை நம்பி வாழ்வோருக்குக் காட்டின் பயன் நாள்தோறும் கண்கூடு. இங்குள்ள இருளர்கள் வலையின்றி, நீரில் தவழ்ந்து சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பனையோலைப் பறியில் சேர்ப்பவர்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் படகை ஒதுக்கிச் செலுத்தச் சொல்வதும், அனுமதியின்றிப் படம் எடுக்காதிருப்பதும் விருந்தினர் கடமை.

எஞ்சிய பொழுதில் காணத்தக்கவை அண்மையில் உள்ளன. வெள்ளாற்றங்கரைப் பரங்கிப்பேட்டை, போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து புகழ்பெற்ற துறைமுகம். 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியின் படைக்கும் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படைக்கும் இங்கே போர் நிகழ்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இவ்வூரில்தான் உள்ளது. சிதம்பரத்தில் நடராசர் கோயிலைக் கண்டபின், சம்பா சாதத்தையும் கத்தரிக்காய்க் கொத்சுவையும் உண்ணாமல் திரும்புவது தகாது. கடலூர் வழியாக ஊர் திரும்புவோர், 1690இல் ஆங்கிலேயர் வாங்கிய புனித டேவிட் கோட்டையின் எச்சங்களைத் தேவனாம்பட்டினத்தில் கண்டு, அதை ஒட்டிய வெள்ளிக் கடற்கரையில் சற்று நேரம் இருந்து, குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியே இருட்டுமுன் நெய்வேலியை அடையலாம்.